ஜெனரேட்டர் கிளம்புகிறது, நிலைத்து ஓட மறுக்கிறது: எங்கிருந்து பார்ப்பது?

தென்னந்தோப்பு:

வணக்கம். வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் தோப்பும் வீடும் ஒன்றாக இருக்கும் இடம் எங்களுடையது. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பகுதி வழியாகத்தான் கரையைக் கடந்தது. கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, கரண்ட் திரும்ப வருவதற்கு வாரக்கணக்கில் ஆனது. அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கிவிட்டோம். இரண்டு கே.வி.ஏ., நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின், கயிறு இழுத்துக் கிளப்பும் வகை.

சோக்கைப் போட்டு இழுத்தால் உடனே கிளம்பிவிடுகிறது. சோக் பாதியில் இருக்கும்வரை ஓடுகிறது. முழுதாகத் திறந்தால் சத்தம் ஏறி இறங்கத் தொடங்குகிறது. கொஞ்ச நேரத்தில் அடங்கி நின்றுவிடுகிறது. போன பருவமழை முடிந்ததும் துணியால் மூடி வைத்தோம். டேங்கில் பாதியளவு பெட்ரோல் அப்படியே இருந்தது. எஞ்சின் ஆயில் அளவு சரியாக இருக்கிறது. பிளக்கைப் புதிதாக மாற்றிவிட்டேன், பலன் இல்லை.

உதிரிபாகக் கடையில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரையே மாற்றிவிடச் சொல்கிறார்கள். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். அம்மாவின் இன்சுலின் ஃபிரிட்ஜில் இருப்பதால் மழை தொடங்குவதற்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும். நானே பிரித்துப் பார்க்கத் தயார், ஸ்பானர் பிடித்துப் பழக்கம் உண்டு. எதை முதலில் பார்ப்பது?

பட்டறை_திருவாரூர்:

தங்கச்சி, கார்புரேட்டரை இப்போதே வாங்கிவிடாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

ஜெனரேட்டர் நிற்கிறது என்று பட்டறைக்குக் கொண்டுவருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, அது எப்படி நிற்கிறது என்பதைத்தான். ஸ்விட்சை அணைத்ததுபோல் ஒரே வெட்டாக நின்றால் தீப்பொறி போய்விட்டது என்று பொருள். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயில், ஸ்விட்ச் ஒயர், ஆயில் சென்சார் ஆகியவற்றின் பக்கம் போக வேண்டும். சத்தம் ஏறி இறங்கி, தவித்து, மெல்ல அடங்கினால் பெட்ரோல் போதவில்லை. கரும்புகை விட்டுக்கொண்டு திணறி நின்றால் பெட்ரோல் அதிகம், அல்லது காற்று போதவில்லை. இந்த மூன்றையும் பிரித்துக் கேட்காமல் பாகங்களை மாற்றுவது பணத்துக்குக் கேடு.

கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையுள்ள பித்தளைத் துண்டுதான் ஜெட். சோக் என்பது காற்று வரும் வழியை மூடி, ஜெட்டிலிருந்து பெட்ரோலை அதிகமாக உறிஞ்ச வைக்கும் மூடிதான். சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது என்றால் ஜெட் வழியாக வரவேண்டிய அளவு வரவில்லை. இல்லையென்றால் கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள கேஸ்கெட் வழியாகக் கள்ளக்காற்று புகுகிறது. பழைய பெட்ரோலை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சும்மா நின்ற வண்டி என்பதால் முதல் காரணத்தையே நான் நம்புகிறேன்.

மேடை_ஒலி_மதுரை:

அக்கா, பிரிப்பதற்கு முன்பு டேங்க் மூடியைப் பாருங்கள். மூடியில் காற்று நுழைய ஒரு சிறிய துளை இருக்கும். பெட்ரோல் கீழே இறங்க இறங்க மேலே காற்று வந்தால்தான் ஓட்டம் தொடரும். துளை அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்காமல் நின்றுவிடும். திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கிக்கு ஜெனரேட்டர் வாடகைக்குக் கொடுக்கிறோம். எங்களிடம் நிற்கிற வண்டிகளில் பாதிக்கு மேல் இந்த மூடிதான் காரணம். மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஒரு பைசா செலவில்லை.

தென்னந்தோப்பு:

மூடியைத் தளர்த்தி ஓட்டினேன். மாற்றம் இல்லை. சோக்கைத் திறந்ததும் அதேபோல் ஏறி இறங்கி நின்றுவிட்டது. மூடியைத் திறக்கும்போது காற்று உள்ளே போகும் சத்தமும் கேட்கவில்லை.

பட்டறை_திருவாரூர்:

சரி. மூடி பிறகு வேலை காட்டலாம், இப்போதைய தொல்லைக்குக் காரணம் அது இல்லை. வெற்றிடம் சேர்வதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும். உங்கள் வண்டி அவ்வளவு நேரம் ஓடவே இல்லையே.

இனி பெட்ரோல் வரும் வழியை மேலிருந்து கீழாகப் பாருங்கள். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் அடுப்போ விளக்கோ இருக்கக் கூடாது. டேங்கிலிருந்து வரும் பெட்ரோலைத் திறந்து மூடும் திருகான ‘காக்’கை மூடிவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் ரப்பர் குழாயைக் கழற்றி ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள் விடுங்கள். காக்கைத் திறந்தால் தடையில்லாமல் கொட்ட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்பு காக்கிலோ டேங்கின் அடியில் உள்ள சல்லடையிலோ இருக்கிறது.

நன்றாகக் கொட்டினால் குழாயை மாட்டிவிட்டு, கார்புரேட்டரின் கீழே பெட்ரோல் தங்கும் மிதவைக் கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, கிண்ணத்தில் இருப்பதை வேறொரு பாட்டிலில் பிடியுங்கள். பாட்டிலை அசைக்காமல் வைத்துவிட்டு அடியைப் பாருங்கள். என்ன தெரிகிறது என்று எழுதுங்கள்.

தென்னந்தோப்பு:

குழாயில் நன்றாகக் கொட்டுகிறது. கிண்ணத்திலிருந்து வந்த பெட்ரோல் மஞ்சளாக, வார்னிஷ் வாடையுடன் இருக்கிறது. அடியில் தண்ணீர் போலத் தனியாக ஒரு படலமும் பழுப்பு நிறத் தூளும் நிற்கின்றன. அசைத்தால் உருண்டை உருண்டையாக உடைந்து மறுபடி சேர்ந்துகொள்கிறது.

பழைய_பெட்ரோல்_வேண்டாம்:

எத்தனால் செய்யும் வேலை இது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023இல் சில பெட்ரோல் பங்குகளில் தொடங்கி, இப்போது நாடு முழுக்க வந்துவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். அந்தக் கலவை அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் அரித்து வெள்ளைப் பொருக்கு உண்டாக்கும். பழைய ரப்பர் குழாய்களும் ஓ-ரிங்குகளும் ஊதிப்போகும். சிறிய எஞ்சின்களை வைத்திருக்கிறவர்களைப் பற்றி யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் மருந்து தெளிக்கும் எஞ்சின்களுக்கும் இதே கதிதான்.

பட்டறை_திருவாரூர்:

நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போட்டால் தவறான இடத்தில் கை வைப்போம். எத்தனால் கலக்காத காலத்திலும் மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் ஆவியாகி, பிசினாகி, ஜெட்டை அடைத்தது. அதைச் சுரண்டியே என் இளமை போனது. பாதி டேங்கில் பகலில் சூடும் இரவில் குளிரும் மாறி மாறி ஏறும்போது மேல்பக்கம் நீர் வேர்த்துக் கீழே இறங்கும். கடற்கரை ஊர்க் காற்றில் ஈரம் இன்னும் அதிகம். எத்தனால் இதை வேகப்படுத்துகிறது.

எத்தனால் செய்யும் இன்னொரு வேலை பலருக்குத் தெரிவதில்லை. எத்தனாலில் பெட்ரோலை விட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எரிசக்தி குறைவு. அதோடு எரிவதற்கு அதற்குக் காற்றும் குறைவாகவே வேண்டும். பழைய பெட்ரோலுக்காகத் துளையிட்ட ஜெட்டில் இந்தக் கலவை போனால் எஞ்சினுக்கு எரிபொருள் கொஞ்சம் பற்றாக்குறையாகவே இருக்கும். முன்பெல்லாம் ஜெட் லேசாக அடைத்திருந்தாலும் ஓடிவிடும், இப்போது அந்தச் சிறிய அடைப்பே நிறுத்திவிடுகிறது. ஆகவே ஜெட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வது முன்னைவிட முக்கியம்.

தங்கச்சி, இனிப் பிரிக்கலாம். காக்கை மூடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றுங்கள். கிண்ணத்தை அடியில் ஒரே போல்ட் பிடித்திருக்கும், பெரும்பாலும் 10 மி.மீ. ஸ்பானர் போதும். கிண்ணத்தைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையம் பத்திரம், பெட்ரோலில் ஊறியதை இழுத்தால் நீண்டுவிடும். கார்புரேட்டரை முழுதாக வெளியே எடுப்பதாக இருந்தால் எஞ்சின் வேகத்தை ஒரே சீராக வைக்கும் கவர்னரின் ஸ்பிரிங்கும் கம்பியும் எந்தத் துளையில் மாட்டியிருக்கின்றன என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தவறான துளையில் மாட்டினால் வேகம் மாறி, வோல்டேஜும் மாறிவிடும். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்த வகை வண்டி நிமிடத்துக்கு 3000 சுற்று ஓட வேண்டும்.

கிண்ணம் கழன்றதும் நடுவில் ஒரு தூண் தெரியும். அதற்குள் கீழிருந்து மெயின் ஜெட், அதற்கு மேலே பக்கவாட்டில் சிறு சிறு துளைகள் உள்ள ஒரு பித்தளைக் குழல். எல்லோரும் ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்து, துளை தெரிகிறது என்று திருப்பி மாட்டிவிடுவார்கள். அந்தக் குழலை வெளியே எடுப்பதே இல்லை. பக்கத்துளைகள் அடைத்திருந்தால் ஜெட் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பயன் இல்லை. லோடு இல்லாமல், அதாவது சாதனம் எதையும் மாட்டாமல் ஓடும்போது பெட்ரோல் கொடுப்பது மேலே, ஓரத்தில் செருகியிருக்கும் பைலட் ஜெட். வெறும் வண்டி ஏறி இறங்கி ஓடினால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஊசியையோ குண்டூசியையோ உள்ளே விடாதீர்கள். மெயின் ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது, பைலட் ஜெட் அதைவிடச் சிறியது. எஃகு ஊசி பித்தளையைச் சுரண்டிப் பெரிதாக்கிவிட்டால் பிறகு வண்டி பெட்ரோல் குடித்துக் கரும்புகை விடும். மின்சார ஒயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது பிரஷ்ஷின் ஒற்றை நைலான் மயிர். கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்துச் சற்று ஊறவிட்டு, காற்றுப் பம்பால் ஊதுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் திரவம் எதிர்பாராத துளை வழியாக முகத்தில் பீறிடும்.

வடமராட்சிக்_கரை:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ஐயா சொல்வது முழுக்கச் சரி. தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் பெற்றோல் கிடைக்காது. மண்ணெண்ணெயில்தான் தண்ணீர்ப் பம்பும் மோட்டார் சைக்கிளும் மின்பிறப்பாக்கியும் ஓடின. சிறிய போத்தலில் வைத்திருக்கும் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடானவுடன் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். கிளம்பிய எஞ்சினை ஓட வைப்பது தனி வித்தை என்பதை அப்போது சிறுவர்களும் அறிந்திருந்தோம். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அவசரப்பட்டு மாற்றினால் வெள்ளைப் புகை விட்டு நின்றுபோகும்.

இந்தியாவில் இன்னும் மண்ணெண்ணெய் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றி, கிண்ணத்தில் உள்ள மண்ணெண்ணெய் தீரும்வரை ஓடவிட வேண்டும். மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால் அடுத்த நாள் கிண்ணத்தில் இருப்பது மண்ணெண்ணெய். கயிறு அறும்வரை இழுத்தாலும் நிலைத்து ஓடாது. வண்டியில் பழுது எதுவும் இருக்காது.

2022இல் இங்கே மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம் வரை போனபோது, பலர் பரணில் கிடந்த பழைய மின்பிறப்பாக்கிகளை இறக்கினார்கள். அநேகமாக எல்லாவற்றிலும் இதே ஜெட் அடைப்புத்தான்.

செவிலியர்_நாகை:

இயந்திரம் எனக்குத் தெரியாது. இன்சுலின் என்று பார்த்ததால் எழுதுகிறேன். திறக்காத குப்பிகளைத்தான் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பயன்படுத்தத் தொடங்கிய குப்பி, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்குள் சுமார் நான்கு வாரம் தாங்கும்; உங்கள் மருந்தின் தாளில் உள்ள கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கரண்ட் இல்லாத நாட்களில் ஈர மணல் நிரப்பிய பானைக்குள் இன்னொரு சிறிய மண்பானையை வைத்து, அதில் ஈரம் படாதபடி மூடிய டப்பாவில் குப்பியை வைத்து நிழலில் வைக்கலாம். ஐஸ் கட்டிமேல் நேராக வைக்காதீர்கள், உறைந்த இன்சுலினை ஊசிக்குப் பயன்படுத்தவே கூடாது. ஜெனரேட்டர் தாமதமானாலும் பதற வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

தென்னந்தோப்பு:

மிக்க நன்றி அம்மா. பானை இன்றே தயார் செய்துவிட்டேன்.

கார்புரேட்டரைப் பிரித்தேன். ஐயா சொன்னது சொன்னபடியே இருந்தது. மெயின் ஜெட்டில் வெளிச்சம் தெரிந்தது. அதற்கு மேல் இருந்த குழல் வரவே மாட்டேன் என்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்பிரே அடித்து ஊறவைத்த பிறகு தட்டி எடுத்தேன். பக்கத்துளைகளில் பாதிக்கு மேல் பச்சை கலந்த பிசின். பைலட் ஜெட்டில் துளையே தெரியவில்லை. செம்பு இழையால் மெல்லக் குத்தி ஊதியதில் திறந்துகொண்டது. கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தது, அதையும் கழுவினேன். டேங்கைக் காலி செய்து புதிய பெட்ரோல் ஊற்றினேன்.

இப்போது சோக்கை முழுதாகத் திறந்தாலும் ஒரே சீராக ஓடுகிறது! ஏறி இறங்குவது அடியோடு போய்விட்டது.

ஆனால் ஃபிரிட்ஜையும் இரண்டு விளக்கையும் போட்டு ஓடவிட்டால் பத்து நிமிடம் போல நன்றாக ஓடிவிட்டு, மறுபடி தவித்து நின்றுவிடுகிறது. உடனே இழுத்தால் கிளம்பி ஓரிரு நிமிடம் ஓடுகிறது. சற்று விட்டு இழுத்தால் கூடுதலாக ஓடுகிறது. வேறு ஏதேனும் தூசி மறுபடி அடைத்துவிட்டதா?

மேடை_ஒலி_மதுரை:

அக்கா, இப்போது மூடியைத் தளர்த்திப் பாருங்கள். இந்தமுறை நின்ற அந்த நிமிடமே திறந்து, காது கொடுத்துக் கேளுங்கள்.

பட்டறை_திருவாரூர்:

தம்பி சொல்வதைச் செய்யுங்கள். நின்றதும் உடனே கிளம்பிக் கொஞ்சம் ஓடுகிறது, காத்திருந்தால் அதிகம் ஓடுகிறது என்றால் கிண்ணம் மெல்ல மெல்ல நிரம்புகிறது என்று அர்த்தம். லோடு ஏற ஏற பெட்ரோல் செலவும் கூடும், வரத்து அதற்கு ஈடுகொடுக்கவில்லை. மூடித்துளை, காக் சல்லடை இரண்டில் ஒன்றுதான்.

தென்னந்தோப்பு:

மூடிதான்! நின்றவுடன் திறந்தபோது புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியின் உள்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் துளைக்கு மேல் களிமண் போல ஏதோ கெட்டியாக அடைத்திருந்தது. குளவி வைத்த மண் என்று நினைக்கிறேன். சுரண்டிக் கழுவி மாட்டினேன். பிற்பகல் முழுவதும் ஃபிரிட்ஜோடு ஓடியது. ஒரு தடவை கூட நிற்கவில்லை. கார்புரேட்டர் வாங்கும் பணம் மிஞ்சியது. அண்ணன், தம்பிகள் எல்லோருக்கும் எங்கள் வீட்டின் நன்றி.

பட்டறை_திருவாரூர்:

மகிழ்ச்சி. குளவி என்றால் சைலன்சர் வாயையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மழைக்காலம் முடிந்து மூலையில் நிற்கும் வண்டியின் புகைவழியில் கூடு கட்டுவது அதற்குப் பிடித்தமான வேலை. புகை வெளியேற வழியில்லாத எஞ்சினும் கிளம்பிச் சில நொடிகளில் மூச்சடைத்து நிற்கும். வாயில் கம்பிவலை இருந்தால் அதில் கரி அடைத்தாலும் அப்படியே.

கோழிப்பண்ணை_நாமக்கல்:

இழையின் நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என் வண்டி சோக் போட்டாலும் போடாவிட்டாலும் கிளம்பி இரண்டு மூன்று நொடியில் வெட்டியதுபோல் நிற்கிறது. ஏறி இறங்குவது எதுவும் இல்லை. கார்புரேட்டரைச் சுத்தம் செய்தாகிவிட்டது. குஞ்சுக் கொட்டகைக்குப் பின்புறச் சரிவில் வைத்திருக்கிறோம்.

பட்டறை_திருவாரூர்:

சரிவில் வைத்திருப்பதாக நீங்களே சொல்லிவிட்டீர்கள். சமதளத்தில் வைத்து ஆயில் அளவைப் பாருங்கள். இந்த வண்டிகளில் ஆயில் குறைந்தால் தீப்பொறியைத் துண்டிக்கும் சென்சார் உண்டு. உள்ளே ஒரு மிதவை. அது தாழ்ந்தால் காயிலின் கரண்டை எஞ்சினின் இரும்பு உடம்போடு சேர்த்துவிடும், எஞ்சின் வெட்டென்று நிற்கும். சரிவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடுவதால் அளவு சரியாக இருந்தும் அப்படிச் செய்யும். இந்த அளவு எஞ்சின்களில் பலவற்றுக்கு மொத்தமே அரை லிட்டருக்குச் சற்று மேல்தான் ஆயில், கொஞ்சம் குறைந்தாலும் பெரிய பங்கு போனதுபோல.

சமதளம், நிறைந்த ஆயில், அப்படியும் நின்றால் சென்சார் ஒயரின் இணைப்பை ஒரு நிமிடம் மட்டும் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஓடினால் சென்சார் கெட்டிருக்கிறது, மாற்றுங்கள். கழற்றியபடியே நிரந்தரமாக ஓட்டும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதைப் போலக் கோபம் வரவைக்கும் வேலை வேறில்லை. ஆயில் தீர்ந்து கனெக்டிங் ராடு உடைந்து, எஞ்சின் பிளாக்கில் ஓட்டை விழுந்து வந்த வண்டிகளை எடைக்குப் போட்டிருக்கிறேன். சில நூறு ரூபாய்ச் சென்சாருக்காக ஒரு எஞ்சின்.

கோழிப்பண்ணை_நாமக்கல்:

சமதளத்துக்கு மாற்றி ஆயில் ஊற்றினோம். ஓடுகிறது. குஞ்சுகள் பிழைத்தன ஐயா.

மேடை_ஒலி_மதுரை:

வெட்டாக நிற்பதில் இன்னொரு வகையையும் சேர்க்கிறேன். நன்றாக ஓடி, சூடேறிய பிறகு நிற்கும். உடனே எவ்வளவு இழுத்தாலும் கிளம்பாது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். அது இக்னிஷன் காயில். சூட்டில் உள்ளே சுற்று அறுந்து, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. ஆறிய வண்டியில் சோதித்தால் பொறி அழகாக வரும், அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. நின்ற சூட்டோடு பிளக் டெஸ்டரை மாட்டிப் பார்க்க வேண்டும். டெஸ்டர் இல்லாமல் பிளக்கை எஞ்சினில் தொடவைத்துப் பார்ப்பவர்கள், பிளக் துளையிலிருந்தும் கார்புரேட்டரிலிருந்தும் தள்ளி வையுங்கள். சிந்திய பெட்ரோல் ஆவியில் பொறி பட்டால் விபரீதம்.

பிளக்கின் முகமும் பேசும். நின்றவுடன் கழற்றினால் முனை காய்ந்து வெளுத்திருக்கிறதா, பெட்ரோல் வரவில்லை. ஈரமாக இருக்கிறதா, பெட்ரோல் வந்தது, பொறி வரவில்லை. ஈரத்தோடு கரியும் இருக்கிறதா, ஏர் ஃபில்டரைப் பாருங்கள். எங்கள் வண்டிகள் திருவிழாத் திடலின் புழுதியிலேயே நிற்பதால் ஃபில்டர் பஞ்சை அடிக்கடி கழுவுகிறோம்.

இயந்திரவியல்_ஆசிரியர்:

மேலே உள்ளவற்றோடு ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெறுமனே ஓடும்போது நிற்காமல், ஃபிரிட்ஜ் அல்லது மோட்டாரைப் போட்ட கணத்தில் மட்டும் எஞ்சின் அமுங்கி நிற்பதும் உண்டு. அங்கே எரிபொருளில் குறை இல்லாமலும் இருக்கலாம். மோட்டார் சுழலத் தொடங்கும்போது இழுக்கும் கரண்ட் வழக்கமாக ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு. ஒரு குதிரைத்திறன் மோட்டார் என்பது 746 வாட்தானே, இரண்டு கே.வி.ஏ. தாங்காதா என்று கேட்பார்கள். ஓடும்போது தாங்கும், கிளம்பும்போது தாங்காது. ஃபிரிட்ஜை முதலில் போட்டு, அது நிலைக்கு வந்தபின் மற்றவற்றைப் போடுங்கள்.

மின்கம்பம்:

நான் மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவன். ஜெனரேட்டரை ஓட வைக்கும் வழிகளை எல்லோரும் எழுதிவிட்டீர்கள். ஓடிய பிறகு நடப்பதைப் பற்றி எழுதாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

ஜெனரேட்டர் ஒயரின் இரண்டு முனையிலும் ஆண் பிளக் வைத்து, வீட்டுச் சுவர் பாயிண்டில் செருகி வீடு முழுவதற்கும் கரண்ட் கொடுக்கும் வழக்கம் ஊர் ஊராக இருக்கிறது. மெயினை அணைத்துவிட்டுத்தான் செய்கிறோம் என்பார்கள். இருட்டிலும் மழையிலும் ஒருவர் மறந்தால் போதும். உங்கள் 230 வோல்ட் தெரு டிரான்ஸ்பார்மருக்குள் தலைகீழாக ஏறி, மறுபக்கம் 11,000 வோல்ட்டாக வெளியே வரும். அந்தக் கம்பியைக் கரண்ட் இல்லை என்று நம்பிப் பிடித்திருப்பவன் என்னைப் போன்ற ஒருவன். கஜா முடிந்து இருட்டில் வேலை செய்தபோது, எந்த வீட்டில் விளக்கு எரிந்தாலும் எங்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் வையுங்கள். தெருக் கரண்ட் ஒரு பக்கம், ஜெனரேட்டர் ஒரு பக்கம். இரண்டும் ஒருசேரச் சேரவே முடியாதபடி அமைந்தது அது. உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவர் அரை நாளில் மாட்டிவிடுவார். அது முடியாதவர்கள் ஃபிரிட்ஜை ஜெனரேட்டரின் சாக்கெட்டிலேயே தனி ஒயரில் நேராக மாட்டுங்கள்.

தென்னந்தோப்பு:

நாங்கள் ஃபிரிட்ஜை நேராகத்தான் மாட்டுகிறோம் அண்ணா. சேஞ்ச் ஓவருக்கும் இந்த வாரமே சொல்லிவிடுகிறேன். மழையில் நனையாமல் இருக்கத் திண்ணையில் வைத்து ஓட்டலாமா? ஒரு பக்கம் திறந்ததுதான்.

செவிலியர்_நாகை:

கூடாது, தங்கச்சி. திண்ணையில் வைத்தால் புகை சன்னல் வழியாக வீட்டுக்குள் போகும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. முதலில் தலைவலி, பிறகு வாந்தி, மயக்கம். தூங்குகிறவர்களுக்கு அதுகூடத் தெரியாது. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்த்திசையைப் பார்க்கும்படி வையுங்கள். ஓட்டும் நேரத்தில் வீட்டில் யாருக்காவது தலை வலித்தால் உடனே எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள்.

பட்டறை_திருவாரூர்:

மழைக்கு நான்கு கால் நட்டுத் தகரக்கூரை போதும், நான்கு பக்கமும் திறந்தே இருக்கட்டும். கூரை சைலன்சருக்கு நெருக்கமாக வேண்டாம். பெட்ரோல் ஊற்றும்போது வண்டியை நிறுத்தி, கால் மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூடான சைலன்சர்மேல் சிந்தினால் தீ.

தென்னந்தோப்பு:

அப்படியே செய்கிறோம். கடைசியாக ஒரு கேள்வி. மழைக்காலம் முடிந்து மறுபடி மூடி வைக்கும்போது டேங்கை நிறைத்து வைப்பதா, காலியாக வைப்பதா? இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள்.

பழைய_பெட்ரோல்_வேண்டாம்:

தகர டேங்க் காலியாக இருந்தால் துரு பிடிக்கும் என்பதால் நிறைத்து வைக்கச் சொல்வது பழைய முறை. இப்போதைய பெட்ரோலுக்கு அது ஒத்துவராது. காலி செய்யுங்கள்.

பட்டறை_திருவாரூர்:

ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் என் பேச்சும் அதுதான். டேங்கைக் காலி செய்து, உள்ளே துணி விட்டுத் துடையுங்கள். பிறகு காக்கைத் திறந்து வைத்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள். அதன் பிறகும் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் தங்கும், வடிகால் திருகைத் தளர்த்தி அதையும் இறக்கிவிடுங்கள். பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இழுத்துச் சிலிண்டரில் பரவவிட்டு, பிளக்கை மாட்டிவிடுங்கள். கயிறு கெட்டியாக இழுக்கும் இடத்தில் நிறுத்தினால் இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரக்காற்று உள்ளே போகாது. சைலன்சர் வாயைத் துணியால் கட்டி, துணி இருக்கிறது என்று கயிற்றுப் பிடியில் ஒரு சீட்டுத் தொங்கவிடுங்கள்.

மாதம் ஒருமுறை கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, ஃபிரிட்ஜை மாட்டிக் கால் மணி நேரம் ஓட்ட முடியுமானால் இவ்வளவும் தேவையில்லை. வெறும் வண்டியாக ஓட்டாதீர்கள், லோடு கொடுத்து ஓட்டுங்கள். பத்து நிமிடத்தில் நின்ற அந்த மூடிக்குறை லோடு கொடுத்ததால்தானே வெளியே வந்தது.

உங்கள் வண்டி வாங்கி ஆண்டுகள் ஆகிவிட்டதால் அடுத்தமுறை வால்வு இடைவெளியையும் பார்த்துவிடலாம். சூடானால் கிளம்பச் சிரமப்படும் வண்டிகளில் அது குறைந்திருக்கும். இந்த அளவு எஞ்சின்கள் பலவற்றில் ஆறிய நிலையில் உள்வால்வுக்கு 0.15 மி.மீ., வெளிவால்வுக்கு 0.20 மி.மீ. என்று இருக்கும். உங்கள் கையேட்டில் வேறு எண் போட்டிருந்தால் அதையே வையுங்கள். ஃபீலர் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், வால்வு மூடியைத் திறந்ததும் இங்கே எழுதுங்கள், சொல்லித் தருகிறேன்.